ஒட்டுக்குக் கீழே

ஜூன் 9, ஞாயிறு

இந்த டைரி மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்தது. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. நேற்று இவர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. அதனால் எழுதலாமென்று எடுத்தேன்.

முதலில் நிலவரம். எனக்கு வயது நாற்பது. புதுக்கோட்டைக்கு வெளியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஏப்ரலில் கல்யாணம், எனக்கு முதல், இவருக்கு இரண்டாவது. முதல் மனைவி இந்திராணி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் சங்கமித்ரா ப்ளஸ் டூ. மூன்று வருஷம் உள்ளூரிலேயே இருந்து மகளைப் பார்த்துக்கொண்டவர், நான் வந்ததும் நிம்மதியாகப் பழைய வேலைக்குப் பெட்டி கட்டிவிட்டார். போகும்போது மகளிடம் ஒரு வார்த்தை சொன்னார்: "ஒத்துவரலன்னா மாமா வீட்டுக்குப் போயிரு மித்ரா. அங்கருந்து பஸ்ல பள்ளிக்கூடம் போகலாம்." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மாமா வீடு திருமயத்தில். இருபது கிலோமீட்டர். போனால் போகட்டும். நான் என்ன கட்டியா வைக்க முடியும்?

இன்று தோட்டத்தில் மூன்று குழி போட ஆரம்பித்தேன். ஓரடிக்குக் கீழே சரளை. கடப்பாரை "ணங்" என்கிறது.

ஜூன் 12, புதன்

குழி இன்னும் முடியவில்லை. கையில் கொப்புளம்.

ஜூன் 30, ஞாயிறு

இரண்டு வாரம் குழியை வெயிலில் ஆறப்போட்டு, தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, கரையானுக்காக வேப்பம் பிண்ணாக்கும் போட்டு, இன்று நட்டேன். நெல்லி, சீத்தா, மந்தாரை. இந்த ஊர் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அழாத மரங்கள். மந்தாரை மட்டும் பூவுக்காக. தின்பதற்கே எல்லாவற்றையும் வைத்தால் அது தோட்டமில்லை, மளிகைக்கடை.

நட்ட கன்று நேராக நிற்க ஆள் பிடிக்க வேண்டும். மித்ராவைக் கூப்பிட்டேன். வந்தாள். பிடித்தாள். நான் மண்ணை மிதித்து இறுக்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

கையைத் தட்டிவிட்டுப் போனாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சித்தி என்று கூப்பிட்டால் நாக்கு வெந்துவிடாது. நானும் கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு மரம் இருக்கிறது. தலைக்கு மேல் உயரம், அடர்ந்த பச்சை. இவர் காட்டியிருக்கிறார்: "இந்திராணி அஞ்சு வருசத்துக்கு முன்னாடி வச்ச சப்போட்டா." மித்ராவுக்கு அது "அம்மா மரம்". தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துப்போய் ஊற்றுவாள். அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஜூலை 14, ஞாயிறு

சப்போட்டா மரத்தில் சப்போட்டா இல்லை.

இன்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இலை நுனியில் கிள்ளிவிட்ட மாதிரி சின்னப் பிளவு. சப்போட்டா இலைக்கு நுனி கூராக இருக்கும். இது பாலை. சப்போட்டாவை எப்போதும் பாலைக் கன்றின் மேல்தான் ஒட்டுக் கட்டுவார்கள். வேர் பாலை, தலை சப்போட்டா. வறட்சியைத் தாங்குவது அந்த வேர்தான். ஆனால் ஒட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் வேர் தன் பிள்ளையைத்தான் வளர்க்கும், மேலே ஒட்டியதைப் பட்டினி போட்டுவிடும். என் அப்பா அரசுப் பண்ணையில் முப்பது வருஷம் ஒட்டுக் கட்டியவர். எனக்கு அ, ஆ தெரியும் முன்பே இது தெரியும்.

நான்கு பாலைக் கிளைகளுக்கு நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சி. அதுதான் பாவம் சப்போட்டா.

ஐந்து வருஷமாக இதை ஒருவருமே கவனிக்கவில்லை. இவருக்கு வேம்புக்கும் புங்கைக்கும் வித்தியாசம் தெரியாது. இந்திராணிக்கும் தெரியாதுபோல.

ஜூலை 20, சனி

மித்ராவுக்குச் சிறப்பு வகுப்பு. எனக்கு விடுப்பு. கைரம்பம் எடுத்துப்போய் நான்கு பாலைக் கிளைகளையும் அடியோடு அறுத்தேன். வெட்டுவாயில் பசுஞ்சாணம் பூசினேன். நடுக்குச்சியைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. உயிர் இருக்கிறது. இனி வேரின் சத்தெல்லாம் அதற்குப் போகும். இரண்டு மாதத்தில் தளிர்த்துவிடும்.

நாலரை மணிக்கு வந்தாள். பையை அப்படியே கீழே போட்டாள்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான். இதெல்லாம் ஒட்டுக்குக் கீழ வந்தது மித்ரா. பாலை. இத விட்டா சப்போட்டா..."

"கேட்டியா? ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியா நீ?"

எதைக் கேட்பது? மருந்தைக் கொடுக்கும்முன் நோயாளியிடம் அபிப்பிராயம் கேட்டா கொடுக்கிறார்கள்? தாவரவியல் படிக்கிற பெண். விளக்கப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. வெட்டிப்போட்ட கிளைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இத்தனை நாள் "ங்க" போட்டுத் தள்ளியே நிறுத்தியவள் இன்று "நீ" என்றாள். கோபத்தில்தான்.

ஜூலை 21, ஞாயிறு

சமைக்கவில்லை. கடை இட்லி. அவள் பங்கு அப்படியே இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

எதிர்பார்த்தபடி திருமயத்திலிருந்து தாய்மாமன் சொக்கலிங்கம் வந்தார். உரக்கப் பேசுகிற ஆளில்லை. அதுதான் கஷ்டம். காபி குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். குச்சியைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இந்தா பாரும்மா, ஒட்டு கிட்டெல்லாம் எனக்குத் தெரியாது. இது எங்க தங்கச்சி வச்சது. புள்ளைக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

"அண்ணே, நான் கெடுக்கணும்னு செய்யல. மரத்தக் காப்பாத்தத்தான் செஞ்சேன். தளிர்க்கும்."

"தளிர்க்கலன்னா?"

"தளிர்க்கும்ணே. உள்ள பச்சை இருக்கு. கீறிப் பாத்தேன்."

"சரி. ஆயுத பூஜைக்கு வர்றேன். அதுக்குள்ள தளிர்த்துச்சுன்னா புள்ள இங்க இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன். என்ன மித்ரா?"

மித்ரா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குச்சியைச் சுற்றித் தென்னங்கீற்று நட்டு நிழல் செய்தேன். அடியில் சருகு மூடாக்கு. காலையும் மாலையும் தண்ணீர். பக்கத்து வீட்டு அடைக்கலம் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "குச்சிக்குப் பந்தலா! கல்யாணம் எப்ப?" என்றார். சிரித்துவைத்தேன்.

மந்தாரை இரண்டு இலை விட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் ஒட்டகக் குளம்பு வடிவில். நெல்லியில் கரையான் ஏறப் பார்த்தது. மண்கூட்டைத் தட்டிவிட்டு வேப்பெண்ணெய் தடவினேன். சீத்தா எதற்கும் அசையாமல் நிற்கிறது. கவனிப்புக் கேட்காத பிள்ளைகளெல்லாம் நன்றாக வளர்கின்றன.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பாலை விடுவதாக இல்லை. தினமும் காலையில் அடித்தூரிலிருந்து ஐந்தாறு துளிர் எட்டிப் பார்க்கிறது. செம்பு நிறத்தில், நகக்கண் அளவில். கிள்ளிக் கிள்ளிப் போடுகிறேன். மறுநாள் வேறு இடத்தில் வருகிறது. இந்த வேருக்கு வெட்கமே கிடையாது.

இன்று கிள்ளும்போது பின்னாலிருந்து குரல். மூன்று வாரத்தில் அவளாகப் பேசியது இதுதான்.

"ஒண்ணையாவது விடலாம்ல?"

"விட்டா மேல சத்துப் போகாது."

நின்றாள். போய்விட்டாள். குச்சி அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 4, புதன்

மித்ராவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். விடுப்பு எடுத்தேன். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, சாதாரண வைரஸ். மாத்திரையை நீட்டினால் வாங்கி விழுங்குகிறாள். மருந்தாளுநரிடம் அவளுக்குச் சண்டை இல்லை. கஞ்சி கொண்டுபோனால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அது சித்தி செய்தது.

மதியம் அவள் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்குகிறது. கையை உடனே எடுக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

எழுந்ததும் கேட்டாள், "மரத்துக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

செப்டம்பர் 15, ஞாயிறு

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அதிலும் பொய் எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூலை 20 அன்று நான் கீறிப் பார்க்கவில்லை. கீறினால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கீறவில்லை. குச்சியைக் கண்ணால் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, அது வெறும் விறகு. அப்பாவின் மகளுக்குத் தெரியாதா?

பிறகு ஏன் வெட்டினேன்? சாயங்காலம் அவள் அந்த மரத்தடியில் தண்ணீரோடு நிற்பாள் என்று எழுதினேன். நிற்பது மட்டுமில்லை, பேசுவாள். பள்ளியில் நடந்தது, டீச்சர் சொன்னது, எல்லாம். சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். வாய் அசைவது தெரியும், காதில் விழாது. பேசி முடித்து உள்ளே வந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வாள். நான் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நிற்பேன். மரத்தின் மேல் பொறாமைப்பட்ட பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது பாலை என்று தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்திராணி செய்ததில் ஒரு தப்பு கிடைத்துவிட்டது. திருத்த நான் இருக்கிறேன்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கீறினேன். நுனியில் பழுப்பு. நடுவில் பழுப்பு. ஒட்டு முடிச்சு வரை பழுப்பு. முடிச்சுக்கு ஒரு விரற்கடை கீழே கீறியதும் ஈரப் பச்சை.

உயிரோடு இருந்ததை வெட்டிவிட்டுச் செத்ததற்குப் பந்தல் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நர்சரிக்குப் போய் ஒரு சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்கினேன். காலாண்டு விடுமுறையில் மித்ரா மூன்று நாள் மாமா வீட்டுக்குப் போவாள். அந்த மூன்று நாளில் பழைய தூரைத் தோண்டியெடுத்துவிட்டு இதை வைத்து, தளிர்த்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யோசனை இதுதான். நாற்பது வயதில் ஒரு அரசு ஊழியருக்கு வருகிற யோசனை.

பஸ்ஸில் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "வீட்டுக்கா? நல்ல ஜாதியா?" என்றார். நல்ல ஜாதிதான் என்றேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே சுகாதார நிலையத்தில் இறங்கி, கொல்லைப்பக்கத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒரு வாரமாக நான் துளிர் கிள்ளவில்லை. தூரைச் சுற்றிச் செம்பு நிறத்தில் ஒரு கூட்டமே வந்திருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

காலையில் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

அவள் தட்டில் தோசை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "மித்ரா, அந்தக் குச்சி தளிர்க்காது. அது செத்து எவ்வளவோ நாளாச்சு. நான் கீறிப் பாத்தேன்னு சொன்னது பொய். உயிரோட இருந்தது பாலை மட்டும்தான். அதத்தான் நான் வெட்டுனேன்."

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது பாலைன்னு. சப்போட்டா ரெண்டாவது கோடையிலயே காஞ்சுபோச்சு. அம்மா இருந்தப்பவே. நர்சரிக்காரரு புடுங்கிட்டு வேற வைங்கக்கான்னாரு. அம்மாதான் வேணாம்னு சொல்லுச்சு. பாலையும் பழம் குடுக்கும், வந்தது வந்துருச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லுச்சு. நானும் அம்மாவும் சேந்துதான் விட்டோம்."

ஒருவருமே கவனிக்கவில்லை என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். இந்திராணிக்கும் தெரியாதுபோல என்று எழுதியிருக்கிறேன். கவனித்து, யோசித்து, மகளிடம் பேசி, முடிவெடுத்திருக்கிறாள். நான் திருத்தியது அந்த முடிவை.

"அன்னைக்கே ஏன் சொல்லல? மாமா வந்தப்ப?"

"நீங்க பச்சை இருக்குன்னு அடிச்சுச் சொல்றீங்க. நான் இல்லன்னு சொன்னா மாமா முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிரும்ல. அப்பா வேற ஊர்ல இல்ல."

அந்தக் கோபத்தில் இருந்த பெண் அதை யோசித்திருக்கிறாள். பதினேழு வயது.

"தப்புப் பண்ணிட்டேன் மித்ரா. உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மன்னித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒளித்துவைத்த சப்போட்டாவைத் திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக் கொல்லையிலேயே நட்டுவிடுவேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கடப்பாரை, மண்வெட்டிக்குப் பொட்டு வைத்தேன். கைரம்பத்துக்கும் வைத்தேன், முறைத்துக்கொண்டே.

பதினோரு மணிக்குச் சொக்கலிங்கம் அண்ணன் வந்தார். நேராகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

"தளிர்க்கலண்ணே. அது முன்னாடியே பட்டுப்போனது. உங்ககிட்ட நான் சொன்னது பொய். கீழ வர்றது பாலை. மித்ராவோட அம்மா வளர விட்டதும் அதத்தான்."

அவர் என்னைப் பார்த்தார், மித்ராவைப் பார்த்தார். "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு மூணு மாசமாம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மித்ரா உள்ளே போய்ப் பையோடு வந்தாள். பெரிய பை. புத்தகங்களும் இருந்தன.

"நான் கொஞ்ச நாள் அங்க இருக்கேன்," என்றாள்.

எத்தனை நாள் என்று கேட்கவில்லை. சுண்டலை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 12, சனி

போனால் போகட்டும் என்று ஜூனில் எழுதியிருக்கிறேன். எவ்வளவு தைரியமான பொம்பளை.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை ஆரம்பம். மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். இருக்கிறது ஒருத்தி. அந்த மூன்றாவது ஆள் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 19, சனி

மஸ்கட்டிலிருந்து இவர் போன். "அவ வந்துருவா, நீ கவலப்படாத" என்றார். நான் எங்கே கவலைப்பட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சாயங்காலம் மித்ரா போன் செய்தாள். முதல் தடவை.

"அந்தத் துளிர்லாம் எவ்ளோ வந்திருக்கு?"

"ஒரு சாண் இருக்கும். வீக்கானதெல்லாம் மழையில உதுந்து போச்சு. மூணு நல்லா இருக்கு. ஒண்ணத்தான் விடணும், இல்லன்னா மறுபடி புதராயிரும்."

"எதையும் கிள்ளிராதீங்க. சனிக்கிழம வர்றேன்."

"கிள்ள மாட்டேன்," என்றேன். சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

அக்டோபர் 26, சனி

பத்து மணி பஸ்ஸில் தனியாக வந்தாள். பையோடு. அதே பெரிய பை. கூடத்தில் வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனாள். தென்னங்கீற்றுப் பந்தலை முந்தாநாளே பிரித்துவிட்டேன்.

மூன்று துளிரையும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கிழக்குப் பக்கம் உள்ளது தடிமனாக, நேராக இருக்கிறது. அதைத்தான் விட வேண்டும் என்று ஒட்டுக்காரர் மகளுக்கு ஒரு வாரமாகத் தெரியும்.

"எத விடலாம்?" என்று கேட்டேன்.

நீண்ட நேரம் பார்த்துவிட்டு மேற்குப் பக்கத்து ஒல்லிக்குச்சியைத் தொட்டாள். கொஞ்சம் வளைந்திருக்கிறது. வேண்டாம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது.

"சரி," என்றேன். "முட்டுக்குச்சி குடுத்துக் கட்டுனா நிமிந்துரும்."

மற்ற இரண்டையும் அவளே வெட்டினாள். நான் மூங்கில் குச்சி நட்டேன், அவள் சணல் கட்டினாள். ரொம்ப இறுக்கிவிட்டாள், பருக்கும்போது கழுத்தை அறுக்கும் என்று சொல்ல, அவிழ்த்துத் தளர்த்தினாள். பிறகு செத்த சப்போட்டாக் குச்சியை ஒட்டு முடிச்சோடு சேர்த்து அறுத்தோம். அந்த முடிச்சை மட்டும் கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா தொட்டு நட்டது அது.

"எப்ப பழம் வரும்?"

"பாலை மெதுவாத்தான் வரும். எட்டு வருசம், பத்து வருசம்கூட ஆகும்."

மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அது வரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

ஜூனிலிருந்து இந்தப் பெண் போய்விடுவாளா, போய்விடுவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மா போனாள். அப்பா போனார். அவளும், நானும் போய்விடுவேனா என்று, அதே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"இருப்பேன்," என்றேன். "நான் எங்க போகப்போறேன்?"

அவள் தலையை ஆட்டிவிட்டு அரிசி கழுவிய தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. எடுத்து வந்து கொடுத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். ஜன்னல் பக்கம் போகவில்லை.

மதியம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பை இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. எடுத்து அவள் அறையில் வைக்கட்டுமா என்று கேட்க வேண்டும்.